என்ன பிழைக்கு இந்தக் கீரை?

சாய்ந்தமருது,
ஓகஸ்ட் 4

அன்பின் இன்ஷிராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நீ சுகமாக இருக்க வேண்டும் என்று கேட்டபடி எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு ஒரு தடிமன் காய்ச்சல்கூட இல்லை. அதை முதலே சொல்லிவிடுகிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிற மனுசன் காகிதத்தில் எழுதினால் உனக்கு நெஞ்சு படபடக்கும் என்று எனக்குத் தெரியும்.

மூன்று தரம் உனக்கு வொய்ஸ் பேசிப் பேசி அழித்துவிட்டேன். வீடியோவில் கதைக்கலாம் என்றால் பிள்ளைகள் இரண்டும் என் மடியில் இருக்கின்றன. றாபியா லீவு முடிந்து வியாழக்கிழமை மாலைதீவுக்குத் திரும்புகிறாள். நீ கேட்ட சூடைக் கருவாட்டோடு இந்தக் கவரையும் அவளிடம் கொடுத்து விடுகிறேன். உன்னோடு ஒரே ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள், நல்ல பிள்ளைதான். இருந்தாலும் கம் போட்டு இரண்டு தரம் ஒட்டியிருக்கிறேன்.

வீட்டுப் புதினம் கொஞ்சம். தண்ணீர் மோட்டரை நானே கழற்றித் திருத்திவிட்டேன். முன்னறையில் திருத்த வந்த கரண்ட் பேன்களும் பிளெண்டர்களும் குவிந்து கிடக்கின்றன, வேலைக்குக் குறைவில்லை. றிபாவுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். றிம்சான் பாலர் பாடசாலையில் யானைப் பாட்டுக்கு ஆடப் போகிறானாம். நீ நட்ட பப்பாசி காய்த்திருக்கிறது, அணில்தான் முதல் பழத்தைத் தின்றது.

சரி, சுற்றி வளைத்தது போதும். நீ போகிற அன்று பிரிஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போன அட்டவணையைப் பற்றித்தான் எழுத வேண்டும். மேல் பாதியில் சாப்பாடு: திங்கள் முருங்கையிலைச் சுண்டல், புதன் வல்லாரை, சனி பொன்னாங்காணி, நடுவில் கொய்யாவும் பப்பாசியும். கீழ்ப் பாதியில் பச்சைப் பேனாவால் பெரிதாக, வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகளோடு வெளியே போக வேண்டும், கடையில் தின்னக் கூடாது, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று எழுதியிருந்தாய். நர்ஸ் அம்மா எழுதின மருந்துச் சீட்டு என்று நான் நக்கலடித்தேன், ஞாபகமா?

இன்னொன்றும் கேட்டாய். அதை அட்டவணையில் எழுதவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய். பிள்ளைகளுக்குக் கை நீட்டக் கூடாது என்றாய். றிபாவின் தொடையில் என் அடிமட்டத் தடி பட்ட தழும்பை நீதான் மருந்து பூசி ஆற்றினாய். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பது உனக்குப் புதிதா? நான் சத்தியம் செய்தேன். அல்லாஹ் அறிய, அன்றிலிருந்து இன்றுவரை ஒரு அடி அடிக்கவில்லை இன்ஷிரா. அந்தப் பெருமையில்தான் நான் கெட்டேன்.

ஏப்ரல் மாதம் ஒரு நாள் றிம்சான், திருத்த வந்த பேன் ஒன்றின் ஆணிகளை எல்லாம் அள்ளி பிளெண்டருக்குள் போட்டுச் சுற்றிவிட்டான். இரண்டு சாமானும் போச்சு. ஓங்கின கை அந்தரத்தில் நின்றது, உன் ஞாபகம் வந்துவிட்டது. அடுப்பில் வல்லாரை இருந்தது. ஒரு பீங்கான் தட்டு நிறைய அள்ளி அவன் கையில் கொடுத்து, மூலையில் சுவரைப் பார்த்துக் குந்தி இதை முழுக்கத் தின்னு, செஞ்ச பிழைக்கு இதான் தண்டனை என்று கத்தினேன். அழுது அழுது தின்றான். தின்று முடித்ததும் வீடு அமைதியாகிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடியும் இல்லை, பிள்ளையின் வயிற்றுக்குள் கீரையும் போய்விட்டது! வெறும் பீங்கானைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். மாஷா அல்லாஹ், என்ட ராசா என்று நீ அழுதுகொண்டு வொய்ஸ் போட்டாய்.

அதற்குப் பிறகு எனக்கு அது பழகிவிட்டது. தேத்தண்ணியைக் கொட்டினால் அரைப் பீங்கான். சண்டை பிடித்தால் முக்கால். ஓதப் போகப் பிந்தினால் முழுப் பீங்கான். சொன்ன சொல் கேட்டால் பேக்கரியில் மீன் பணிசும் சொக்லட்டும். நீ அந்த வெறும் பீங்கான்களை எல்லாம் கூட வேலை செய்கிறவர்களுக்குக் காட்டி, என்ட மனுசனைப் பாருங்க என்று சொன்னதாக எழுதினாய். ஜூன் மாதத்தில் பதினொரு நாள் பிள்ளைகள் கீரை தின்றதைக் கணக்கெடுத்து என்னைப் புகழ்ந்தாய். பதினொரு நாளும் பதினொரு தண்டனை, இன்ஷிரா. படத்தில் பீங்கான் மட்டும்தானே தெரியும், அழுத முகம் தெரியாதே.

வெள்ளிக்கிழமையையும் நான் விட்டுவைக்கவில்லை. கிழமைக்குள் யாராவது ஒரு பிழை செய்தால் பயணம் இல்லை என்று சட்டம் போட்டேன். நாலு வயதுப் பிள்ளை ஒரு கிழமை பிழை செய்யாமல் இருக்குமா? நானே இருக்கமாட்டேன். நீ போனதிலிருந்து மூன்று தரம்தான் கடற்கரைக்குப் போயிருக்கிறோம். அதிலும் இரண்டு தரம் கொத்துக் கடையில்தான் போய் முடிந்தது. மணலில் விளையாடுகிற படம் உனக்கு வந்தது. கொத்து ரொட்டி தின்கிற படம் வரவில்லை.

இனித்தான் போன சனிக்கிழமைக் கதை. மில்லில் என்னோடு வேலை செய்த இன்ஷாபை உனக்குத் தெரியும்தானே. நற்பிட்டிமுனையில் வயல் செய்கிறான். வெள்ளாமை வெட்ட இன்னும் இரண்டு கிழமை கிடக்கு, அதற்குள்ள பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா என்று கூப்பிட்டான். அந்தக் கிழமை அதிசயமாக இரண்டு பேரும் பிழை ஒன்றும் செய்யவில்லை. செய்யப் பயந்துபோய் இருந்தார்கள் என்று இப்போது விளங்குகிறது.

சும்மா சொல்லக் கூடாது, நீ பார்த்திருக்க வேண்டிய நாள் அது. இன்ஷாபின் மகன் அப்ராஸுக்கும் நம்மட றிம்சானின் வயதுதான். மூன்றும் வாய்க்காலுக்குள் இறங்கி, துவாயால் மீன்குஞ்சு வடித்து, போத்தலில் போட்டு, திரும்ப ஊற்றி, ஒரே கூத்து. கொக்குக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு றிபா வரம்பில் ஓடினாள். வாயைப் பொத்தாமல் சிரித்தாள். நீ பச்சைப் பேனாவால் எழுதினது இதைத்தான் என்று அப்போதுதான் என் மரமண்டைக்குள் ஏறியது.

மத்தியானம் வயல் வாடிக் குடிசையில் பாய் விரித்து, இன்ஷாபின் மனைவி றஹீமா சஹனை நடுவில் வைத்தாள். பெரிய தட்டு நிறையச் சோறு, விரால் மீன் ஆணம், பூசணிக்காய், இன்னொரு பக்கம் பொன்னாங்காணிச் சுண்டல் மலை மாதிரி. எல்லோரும் சஹனைச் சுற்றிக் குந்தினோம். றஹீமா சிரித்துக்கொண்டு என்னிடம், உங்கட புள்ளையள் கீரைண்டா உயிராமே நூஹு நானா, இன்ஷிரா போட்ட ஸ்டேட்டஸ் எல்லாம் பார்த்தேன், அதுக்காகவே விடியப் போய் வரம்பில ஆய்ஞ்சு வந்தேன் என்றாள். சொல்லிக்கொண்டே பிள்ளைகளின் பக்கமாகக் கீரையைத் தள்ளி வைத்தாள்.

றிம்சான் எழும்பினான். வாடியின் மூலைக்குப் போய், மட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டு, முழங்காலைக் கட்டிக் குந்திவிட்டான். பீங்கான் வரும்வரை அப்படித்தான் குந்துவான், நான் பழக்கினது. யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அப்ராஸ் தன் பாட்டுக்குக் கீரையை அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தான். றிம்சான் தலையை மட்டும் திருப்பி அவனைப் பார்த்து, பாவம் பார்க்கிற குரலில், நீ என்ன பிழ செஞ்ச என்று கேட்டான்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அதோடு நிற்கவில்லை. றிபா சஹனில் இருந்த கீரையைத் தன் பக்கம் இழுத்தாள். வாப்பா, தம்பி ஒண்டும் செய்யல்ல, வாய்க்கால்ல செருப்ப விட்டது நாந்தான், தம்பிட கீரையையும் நானே திங்கிறன் என்றாள். செருப்பு றிம்சானுடையது. அவன் விட்டதை நானே கண்டேன், சிரித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். ஏழு வயதுப் பிள்ளை தம்பிக்காகப் பொய்ச் சாட்சி சொல்கிறது. யாருக்குப் பயந்து? சோறு போடுகிற வாப்பாவுக்குப் பயந்து.

இன்ஷாப் வயலைப் பார்த்தான். நான் என் விரல்களைப் பார்த்தேன். றஹீமா எழும்பிப் போய் றிம்சானைத் தூக்கி வந்து மடியில் வைத்து, இது பிழைக்கு இல்ல மனே, சோத்துக்கு என்று சொன்னாள். அவன் நம்பவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தான். கை கழுவும்போது அவள் என்னிடம் மெதுவாக, இன்ஷிராவுக்கு இது தெரியுமா நானா என்று மட்டும் கேட்டாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஊரில் வாய் கிழியப் பேசுகிற இந்த நூஹு, தலையைக் குனிந்துகொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான். வரும் வழியில் றிம்சான் ஒன்று கேட்டான். அதை எழுதக் கை வரவில்லை, கடைசியில் எழுதுகிறேன்.

மறுநாள் நானே சந்தைக்குப் போய்ப் பொன்னாங்காணி வாங்கி வந்து, ஆய்ந்து, தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டினேன். பிள்ளைகளுக்கு வைக்கவில்லை. என் சோற்றுக் கோப்பையில் நிறையப் போட்டுக்கொண்டு, அவர்களுக்கு முன்னால் குந்தினேன். நீங்க என்ன பிழ செஞ்ச வாப்பா என்று றிம்சான் கேட்டான். கீரை நல்ல சாமான், அதைக் கெட்ட சாமானாக்கினது நான் என்றேன். விளங்கியதோ இல்லையோ, தலையை ஆட்டினான். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அப்படித்தான் தின்கிறேன். நேற்று அவன் கிட்ட வந்து, இன்னும் முடியல்லியா வாப்பா உங்கட பிழ என்று கேட்டான். இன்னும் இல்ல மகன் என்றேன். அவன் என் கோப்பையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டான். அவனுக்கு அது ருசித்ததென்று நினைக்காதே. நீங்க தனியாத் திங்கிறீங்கதானே, அதான் என்றான். நான் எழும்பி அடுப்படிக்குள் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை சட்டத்தைக் கிழித்துவிட்டேன். இந்த வெள்ளி, பிழை செய்தாலும் செய்யாவிட்டாலும் கடற்கரைக்குப் போகிறோம். கடலையும் கொய்யாவும் கட்டிக்கொண்டு போவோம் என்று றிபா சொல்லியிருக்கிறாள். படம் அனுப்பமாட்டேன், கோபிக்காதே. என் படங்களில் எனக்கே நம்பிக்கை இல்லை.

இனி அந்தக் கேள்வி. போன கிழமை நீ வீடியோவில் பிள்ளைகளை உற்சாகப்படுத்த, இங்க உம்மா ஒவ்வொரு நாளும் கீரைதான் திங்கிறன் தெரியுமா என்று சிரித்துக்கொண்டு சொன்னாயே. றிம்சான் அதை மனதில் வைத்திருக்கிறான். நற்பிட்டிமுனையிலிருந்து வரும்போது பெற்றோல் டேங்கில் எனக்கு முன்னால் இருந்துகொண்டு கேட்டான்: வாப்பா, உம்மாக்கு ஒவ்வொரு நாளும் கீரையாமே. அவ்வளவு பெரிய பிழையா செஞ்சா? அதுக்காகத்தான் அவ்வளவு தூரம் அனுப்பினீங்களா? எப்ப முடியும்?

மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டேன். உம்மா ஒரு பிழையும் செய்யல்ல என்றேன். அப்ப ஏன் என்றான். மில்லில் முதலாளியோடு வாய்த் தர்க்கப்பட்டு, சாவியை மேசையில் எறிந்துவிட்டு வந்தவன் நான். அதற்குப் பிறகுதான் நீ பெட்டி கட்டினாய். ஒரு நாளாவது அதை நீ சொல்லிக் காட்டினதில்லை. சொல்லாமல் விட்டது உன் பெருந்தன்மை என்று இவ்வளவு நாளும் எனக்கு உறைக்கவே இல்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்வது? வாப்பாட கோபம்தான் காரணம் என்று மட்டும் சொன்னேன். அவன் என் கையைத் தடவினான்.

இன்ஷிரா, என்னை மன்னிப்பதை நீ ஆறுதலாகச் செய். அதற்கு எனக்கு அவசரமில்லை. அவனிடம் மட்டும் நீயே சொல். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போன் எடுத்து, உம்மா பிழை செய்து வந்தவள் இல்லை, உம்மாவை யாரும் மூலையில் வைக்கவில்லை என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல். நான் சொன்னால் நம்புகிறான் இல்லை. பிழை என்றால் என்ன, தண்டனை என்றால் என்ன என்று அவனுக்குப் படிப்பித்தவன் நான்தானே. நீ சொல்லும்போது உன் கோப்பையில் கீரை இருந்தால், சிரித்துக்கொண்டு தின்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அல்லாஹ் உன்னை எங்களிடம் நலமாகத் திருப்பித் தரட்டும். நீ வருகிற அன்று சஹன் வைத்துச் சோறு போட்டு, நாலு பேரும் சுற்றிக் குந்துவோம். மூலையில் யாரும் இருக்கமாட்டோம்.

வஸ்ஸலாம்,
உன் நூஹு