பழைய குரல் போதும்

நாள் 88. காலை 9.10
இதைக் கண்டெடுப்பவருக்கு வணக்கம். பெயர் மங்கையர்க்கரசி. வயது ஐம்பத்திரண்டு. எடை ரகசியம், இங்கே எடையே கிடையாது என்பது என் வாழ்நாள் வெற்றி. பூமிக்கு முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேலே, ஒளிபரப்புத் தளத்தில் தனியாள் நான். டிவி சேனல்கள் சிறுசிறு பொட்டலங்களாகக் கீழே போகின்றன. ஓட்டம் தடைபடாமலிருக்க நடுவே வெறும் பொட்டலங்களும் போகும். அந்த இடத்தில் இன்டர்நெட்டை அடைப்பது என் பிழைப்பு. இன்றைய நிரப்பல் 91 சதவீதம்.

போன மாதம் மாலைச் செய்திக்கு நடுவே, "வேற்றுக்கிரகவாசி வந்துட்டான், காபி கேக்குறான்" என்று என் குரலைச் செருகினேன். மெமோ வந்தது. இனி ஒருமுறை செருகினால் அந்த டிவிப் பாதை தானே பூட்டிக்கொள்ளும்.

நாள் 96. காலை 9.40
தரை நிலையத்துப் பேச்சிமுத்து தினமும் ஒன்றையே பேசுகிறான். "எக்கா, சாப்ட்டியளா? இங்க நல்ல மழ. வீட்டுக்காரிக்குப் பிரசவத்துக்கு இன்னும் பத்து நாளு." நாள் எண்ணிக்கை மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. நானும் ஒன்றையே சொல்கிறேன்: "சாப்பிட்டாச்சுடா தம்பி. உங்க சீரியலப் பாத்தா மூச்சு முட்டுது." இதை ஏன் நாள்தோறும் சுமக்க வேண்டும்? இரு முனையிலும் இருந்த சேமிப்புப் பெட்டியில், அவனுக்குச் சொல்லாமல், இதுவரை பேசிய பதிவுகளையெல்லாம் ஏற்றினேன். பழகிய பேச்சு வந்தால் பெட்டி அதை அனுப்பாது. அந்தப் பக்கத்துப் பெட்டி பழைய குரலை எடுத்து ஒலிக்கும். சொற்கள் பாதி ஒத்தாலோ, கேள்வி பழையதானாலோ பழைய பதிலையே கொடு என்று அமைத்திருக்கிறேன். நிரப்பல் 98 சதவீதம்! எனக்கு நானே கைதட்டினேன்.

நாள் 121. காலை 8.15
காற்று வடிகட்டி நின்றுவிட்டது. மாற்று உறுப்பு இல்லை. காற்று எட்டரை நாளுக்கு வரும். மீட்புக் கப்பல் இங்கே வர மூன்று நாள். கிளப்பும் ஏற்பாட்டுக்கு இரண்டு நாள். நாள் 124 மாலைக்குள் கீழே தெரிந்தாக வேண்டும். தரைக்குச் சொன்னேன்: "பேச்சிமுத்து, மூச்சு முட்டுது. கப்பல அனுப்பு."

பதில்: "ஹஹ்ஹா, ஒங்க குசும்பு போவாதுக்கா."

நாள் 122. காலை 8.20
சொற்களைக் கொஞ்சம் மாற்றி மாற்றிப் பதினாறு முறை கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் அதே சிரிப்பு. சிரிப்பின் முடிவில் அதே இருமல். பிறகு, "பிரசவத்துக்கு இன்னும் பத்து நாளு."

இருபத்தாறு நாளாகப் பத்து நாள். ஊர் வம்பெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவள் நான், இதைக் கவனிக்கவில்லை.

நாள் 123. பகல் 11.05
என் பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டேன். பழையதை எடுத்துக் கொடுக்க இங்கே பெட்டி இல்லாததால் அவன் பேச்சு முழுதாக வருகிறது; இப்போது கேட்பது உயிருள்ள பேச்சிமுத்து. அவன் மைக் திறந்தே இருக்கிறது.

"எக்கா, புள்ள பொறந்து பதினஞ்சு நாளாவுது. தெனமும் சொல்லுதேன். ஒரு வார்த்த கேக்க மாட்டங்கியளே?"

உடனே அவன் அறை ஸ்பீக்கரில் என் குரல்: "சாப்பிட்டாச்சுடா தம்பி."

நான் கத்துகிறேன். தரைப்பெட்டி அதைப் பழையதாக்கிக் கொடுக்கிறது. அதை அங்கிருந்துதான் அணைக்க முடியும். இரண்டு பெட்டிக்கும் ஒரே அளவை வைத்தவள் நான். 

நாள் 124. மாலை 4.30
தலைவலி. ஒரே வழிதான் மிச்சம்; இன்டர்நெட்டும் அந்தப் பெட்டி வழியாகத்தான் போகிறது. டிவிப் பாதையில் பெட்டி கிடையாது. வெறும் பொட்டலம் என்ற முத்திரையோடு போனால் எந்த வீட்டிலும் பிரிக்க மாட்டார்கள். சீரியலின் முத்திரையைக் குத்தி அனுப்பினேன்: "நான் மங்கையர்க்கரசி. மேலே காற்று தீருது. விளையாட்டு இல்ல."

போனது. பாதை பூட்டிக்கொண்டது.

நாள் 124. மாலை 5.02
பேச்சிமுத்து இணைப்பில் வந்தான். பின்னால் கைக்குழந்தை அழுகிறது. நிலையத்துக்கே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான் போல.

"எக்கா, சீரியலுக்கு நடுவுல ஒங்க கொரலு! மருமவ கன்னத்துல அறையப் போறா, அந்நேரம் காத்து தீருதுன்னிய. தெருவே சிரிச்சிச்சு."

சிரிக்கிறான். பிறகு சிரிப்பு நின்றது.

"ஆனா விளையாட்டு இல்லன்னியளே. நெசமாவாக்கா? ஒத்த வார்த்த சொல்லுங்க, இப்பமே கப்பலக் கெளப்பச் சொல்லுதேன்."

நிஜம். நிஜம். நிஜம்டா. தொண்டை கிழிய

அவன் காத்திருக்கிறான். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. அவன் அறையில் ஸ்பீக்கர் கரகரக்கிறது. மெமோ வந்த அன்று, இதே கேள்விக்கு நான் அவனிடம் சொன்னது, தெளிவாக, ஒரு பிட்டுகூடக் கெடாமல்:

"சும்மா வெளையாட்டுக்குத்தான்டா தம்பி. நீ போய்ச் சாப்பிடு."

"அதான பாத்தேன்," என்கிறான்.

நாற்காலி நகரும் சத்தம். கதவு