வெயிலுக்கு வைத்த ஐஎஸ்ஓ

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். நானும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, ஏதோ நடமாடுகிறேன். போலீஸ் பிடிக்கும் முன் தம்பி உனக்குப் போன் பண்ணி, அம்மாவே கம்ப்யூட்டர்ல போட்டோவில என் மூஞ்சிய ஒட்டிட்டாங்கன்னு அழுதானாமே, நீயும் நம்பிவிட்டாய். முப்பது வருஷமாக ஸ்டூடியோ நடத்துகிறவளுக்குப் பெற்ற பிள்ளையை மாட்டிவிடுவதுதான் வேலையா? நடந்ததைக் கேள். அவன் வேலை பார்க்கும் லாரி கம்பெனியின் ஆண்டு விழாவுக்கு நான்தான் படம் எடுத்தேன். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில், கேமரா எவ்வளவு வெளிச்சத்தை இழுக்கும் என்பதற்கான ஐஎஸ்ஓவைக் குறைத்து நூறில் வைத்திருந்தேன். ஷெட்டுக்குள் அலறல் கேட்டு ஓடினால், தொழிலாளர் சங்கம் சேர்த்த டிரைவரைப் போட்டு இரும்பு ராடால் அடிக்கிறார்கள். வெயிலிலிருந்து போன கண்ணுக்கு ஆளே தெரியவில்லை, எலும்பு முறிகிற சத்தம்தான் கேட்டது. ஐஎஸ்ஓவை ஏற்ற மறந்து பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன். எவனோ சுவரில் தள்ளி என் நெற்றி கிழிந்தது, நாலு தையல். டிரைவருக்கு ஒரு கண் போய்விட்டது. போலீஸ் பிடித்ததோ, ஷெட் சாவி வைத்திருந்த பாவத்துக்கு வாட்ச்மேனை.

படமெல்லாம் கரிச்சட்டி, கம்பெனி மேனேஜர் பார்த்துச் சிரித்தார். ஆனால் நான் ‘ரா’ ஃபைலாக, கேமராவில் பதிந்ததைச் சுருக்காமல் முழுசாக வைக்கும் முறையில் எடுக்கிறவள். வெளிச்சம் மிஞ்சி வெளுத்துப்போன இடத்தில் ஒன்றுமே பதிந்திருக்காது, எந்தக் கொம்பனாலும் மீட்க முடியாது. இருட்டு அப்படி இல்லை, அடியில் கொஞ்சம் பதிந்திருக்கும், ஏற்றினால் ரவை கொட்டினாற்போல் புள்ளி புள்ளியாகவாவது வரும். ஏற்றுவது வேறு, ஒட்டுவது வேறு. வாட்ச்மேன் பெண்டாட்டி வந்து அழுததால் உட்கார்ந்து நாலு ஸ்டாப், அதாவது பதினாறு மடங்கு வெளிச்சம் ஏற்றினேன். சுவர் வந்தது, ராடு வந்தது, அதைப் பிடித்துக்கொண்டு உன் தம்பி வந்தான். அழித்துவிடலாம் என்று மவுஸில் கை வைத்ததும் உண்மை, உன்னிடம் எதற்கு மறைக்க. மறுநாள் நானே ஸ்டேஷனில் கொடுத்தேன்.

சந்தேகமிருந்தால் அவன் விழுந்திருக்கிற ஒரிஜினல் படம் நாலையும் மெயிலில் அனுப்பியிருக்கிறேன், நீயே ஏற்றிப் பார். மூன்றாவதில் டிரைவர் கீழே கிடந்து அவனைக் கையெடுத்துக் கும்பிடுகிறார். நாலாவதிலும் அவன் அடிக்கிறான்.

குழந்தைக்கு ஊசி போடும் தேதியை மறந்துவிடாதே. மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நூறு வயது இருங்கள். தம்பியைப் பார்க்க வாரம் தவறாமல் போகிறேன், அவனுக்குப் பிடித்ததைத்தான் சமைத்துக் கொண்டுபோகிறேன். படம் பொய்யென்று சொல்ல மட்டும் நீ வக்கீல் வைக்காதே. கூண்டில் ஏறி அது என் பிள்ளைதான் என்று சொல்லப்போகிறவள் நான்.

உன்னையும் அவனையும் பெற்ற,
அம்மா