ஆறாம் வகுப்பு மட்டும் அத்திப்பள்ளியில்

அப்பா,

நந்தினியின் பழைய மாற்றுச் சான்றிதழில் முத்திரை கன்னடத்தில் இருந்தது. அதைத்தான் முதலில் கவனித்தேன். அவள் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோர்களை உட்கார வைத்து, கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு அரசு மாதாமாதம் தரும் ஆயிரம் ரூபாயைப் பற்றி டீச்சர் பேசிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு வேலை இருந்ததால் நான் போயிருந்தேன். "ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் தமிழ்நாட்டு கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சிருக்கணும்" என்றார். மடியில் இருந்த சான்றிதழைக் கவிழ்த்து வைத்தேன்.

கம்பெனி உங்களைக் கர்நாடக எல்லைக்குள் இருக்கும் அத்திப்பள்ளி பிளாண்டுக்கு மாற்றியது. ஓசூரிலிருந்து தூரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்க முடியவில்லை என்று எங்களையும் அங்கேயே கூட்டிப் போனீர்கள். நான் ஏழாவது, தங்கச்சி நந்தினி ஆறாவது. பள்ளியில் சேர்த்துவிட்டு வெளியே வந்து அம்மாவிடம் சொன்னீர்கள்: "அதுவும் கவர்மென்ட் ஸ்கூல், இதுவும் கவர்மென்ட் ஸ்கூல். பீஸ் கிடையாது, மதியம் சோறு போடறாங்க. வேற என்னடி வேணும்?"

"பாஷை வேணாமா?" என்றாள் அம்மா.

"உன் பெரிய பொண்ணு தமிழ்லயே வாயத் தொறக்க மாட்டேங்கறா. கன்னடத்துலயாவது தொறக்கட்டும்" என்று என்னைக் காட்டிச் சிரித்தீர்கள்.

ஒரே வருஷம். அங்கே ஆள் குறைத்ததும் ஓசூருக்கே திரும்பிவிட்டோம். கல்யாணத்துக்கும் வேலைக்கும் ஊரே தாண்டுகிற எல்லைதான். அதைத் தாண்டிப் படித்த ஒரு வருஷத்தை யாராவது பிறகு கேட்பார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் போன பிறகு நான் பத்தாவதோடு நின்று, ஒயர் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். என் சம்பளம் வீட்டுக்கு, அந்த ஆயிரம் நந்தினியின் காலேஜ் செலவுக்கு என்று மூன்று பேரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு டீச்சரிடம் சான்றிதழைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். "ஒரு வருஷம்தான் டீச்சர்" என்றேன்.

"எனக்கும் கஷ்டமாத்தாம்மா இருக்கு. ஒரு வருஷம் குறைஞ்சாலும் ஏத்துக்க மாட்டாங்க."

குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவித்தொகை ஒன்று தனியாக இருக்கிறது, வருமானச் சான்று எடுத்து வை என்றார். கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்லவில்லை.

வாசலில் நின்ற நந்தினிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "என்னைக் கேட்டா அங்க சேத்தாரு? சேக்கறதுக்கு முன்னாடி அப்பா யாரையாவது விசாரிச்சிருக்கக் கூடாதா?" என்றாள். உங்களுக்காக நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் கோபம் இருந்தது, அப்பா.

இன்று காலை கம்பெனியில் பர்மிஷன் கேட்டுவிட்டு இ-சேவை மையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அக்கா, "அப்பா என்ன வேலை? சம்பளம் எவ்ளோ?" என்று கேட்டார். கம்பெனியில் யாராவது உங்களைப் பற்றிக் கேட்டால், ஷிப்ட்டுக்குப் போயிருக்கிறார் என்றே மூன்று வருஷமாகச் சொல்லிவருகிறேன். மற்றதைச் சொல்ல வாய் வந்ததில்லை. பின்னால் வரிசை நீண்டது.

"சொல்லும்மா, அப்பா பேர்லயே போட்டுடவா?"

உங்கள் இறப்புச் சான்றிதழை எடுத்து மேஜையில் வைத்தேன். "அப்பா செத்துட்டாருங்க. அம்மா பேர்ல போடுங்க" என்றேன்.