ஒரு பிடிக் கொழுந்து

மடுல்சீமை,
2024 பெப்ரவரி 4

அன்புள்ள பாமா,

சுகமாக இருக்கிறாயா? முழங்கால் வலி குறைந்ததா? போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் என்றால் நடுவில் சிரித்து மழுப்பிவிடுவாய். கடிதத்தில் அது முடியாது.

நீ தேடச் சொன்ன சமையல் புத்தகம் கிடைத்துவிட்டது. பதுளையில் ஒரு கடை விடவில்லை. எல்லாரும் கைவிரித்த பிறகு பழைய பேப்பர் கடை ஜுனைதீன் நானாதான், "இருங்க தங்கச்சி, மேல ஒரு பொட்டி கிடக்கு" என்று இறக்கிக் கொடுத்தார். 'ஊவா மாதர் சமையல்', 1978. அட்டை போய்விட்டது. உள்ளே எல்லாப் பக்கமும் இருக்கிறது. நீ எழுதும் புதுச் சமையல் புத்தகத்தில் எடுத்துப் போட நிறைய உண்டு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் 41ஆம் பக்கத்தைத் திறந்தேன். 'கொழுந்துச் சம்பல் - திருமதி தர்மராசா' என்று இருக்கிறது. உன் அம்மா எந்த மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தார், பாமா? பெரிய கிளாக்கர் பங்களாவை விட்டு அவர் இறங்கி நான் பார்த்ததில்லை. அது என் அம்மா ராக்காயியின் சம்பல். மலையில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள எங்கள் பெண்கள் செய்வது.

அதைச் செய்து காட்டச் சொல்லி உன் அம்மா கூப்பிட்டார். என் அம்மா ஒரு பிடிக் கொழுந்தை மடியில் கட்டிக்கொண்டு இறங்கினாள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், தராசடியில் பிடித்துவிட்டார்கள். தோட்டத்துக் கொழுந்தைத் திருடினாள் என்று இரண்டு வாரம் வேலை கொடுக்கவில்லை. அறிக்கை எழுதியது பெரிய கிளாக்கரான உன் அப்பா. "நான்தான் கேட்டேன்" என்று உன் அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் உன் அம்மா விடவில்லை. பின்வாசலில் என் அம்மாவை நிறுத்திவைத்துச் செய்முறையைக் கேட்டு எழுதிக்கொண்டார். அம்மா சொன்னாள். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டாள். அச்சிலும் அது இல்லை. உங்கள் வீட்டில் அந்தச் சம்பல் எப்போதும் கசக்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

உன் புத்தகத்தில் அது என் அம்மா பெயரில் வரவேண்டும். மடியில் கொண்டுவந்ததும் வரவேண்டும். அதுவரை இந்தப் பழைய புத்தகம் நான் வேலை செய்யும் பிள்ளைக் காம்பராவில், குழந்தைகளின் தொட்டில் துணிகளோடு பத்திரமாக இருக்கும்.

இப்படிக்கு,
விஜிதா


வெள்ளவத்தை,
2024 பெப்ரவரி 19

என் சண்டைக்கார விஜிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஐந்தாம் வகுப்பு வாங்கில் என் பென்சிலைப் பறித்த அதே விஜி என்று நினைத்துச் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

நீ கேட்பது நியாயம்தான். முன்னுரையில் 'தோட்டத்துச் சகோதரிகளுக்கு நன்றி' என்று போடுகிறேன். உன் பெயரையும் சேர்க்கிறேன். ஆனால் மடியில் கொண்டுவந்த கதை வேண்டாமே. எல்ல நகரில் வெள்ளைக்காரர் தங்கும் ஹோட்டல்களில் புத்தகத்தை வைப்பதாகக் கதைத்து வைத்திருக்கிறேன். சமையல் புத்தகத்தில் களவுக் கதை வந்தால் வாசிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அம்மா போய் மூன்று வருடம்தான் ஆகிறது. சதீசன் அண்ணாவுக்குத் தெரிந்தால் வீட்டுக்குள் எடுக்கமாட்டார்.

பண்டாரவளையில் இருந்து கொழுந்து எடுப்பித்து, அம்மா தன் கொப்பியில் எழுதி வைத்தபடியே செய்து பார்த்தேன். வாயில் வைக்க முடியவில்லை. உன் அம்மா சொல்லாமல் விட்டது என்னவென்று மட்டும் எழுதிவிடு. புத்தகத்தையும் அனுப்பு. அச்சகத்தில் அவசரப்படுத்துகிறார்கள்.

அன்புடன்,
பாமா


மடுல்சீமை,
2024 மார்ச் 6

பாமா,

'களவு' என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு உன் அப்பா எழுதியதும் அதே சொல்தான். அவருக்காவது மேலே தோட்டத் துரை இருந்தார். உனக்கு யார் இருக்கிறார்கள்?

உன் கடிதத்தை மூன்று நாள் வைத்திருந்தேன். நான்காம் நாள் கொழுந்து எடுக்கும் பெண்களிடம் வாசித்துக் காட்டினேன். மறுநாள் பத்து மணித் தேநீருக்கு மடுவத்துக்கு வந்தபோது ஒவ்வொருத்தியும் கூடையிலிருந்து ஒரு பிடி எடுத்து என் தட்டில் போட்டாள். ஒளித்து இல்லை, பட்டப்பகலில், தராசுக்கு முன்னால். நான் அங்கேயே உட்கார்ந்து நறுக்கினேன். என் அம்மா செய்தபடி, ஒன்றும் விடாமல் செய்தேன். ரொட்டியோடு எல்லாரும் சாப்பிட்டோம்.

புது வெளிக்கள உத்தியோகத்தர் சுபாஸ் வந்துவிட்டார்.

"என்னக்கா இது?"

"கொழுந்துச் சம்பலுங்க."

"கொழுந்து யாரு குடுத்தா?"

"நான் ஒரு பிடி போட்டேன்" என்றாள் ஒருத்தி. "நானும்தாங்க" என்றாள் அடுத்தவள். அப்படியே முப்பத்திரண்டு பேரும் சொன்னார்கள். "எல்லார் பேரையும் எழுதிக்கங்க சார், ஒண்ணும் விட்றாதீங்க" என்றேன். அவர் என் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போனார். இப்போது ஆபீசில் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். 'ஆமாம், செய்தேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை போனால் போகட்டும். என் அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்ற இடத்தில் நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். எனக்கு அது போதும்.

உன் நன்றி எனக்கு வேண்டாம். சகோதரிகள் என்றால் ஆயிரம் பேர். என் அம்மாவுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைப் போட முடியாதென்றால், நான் இதுவரை எழுதி அனுப்பிய மற்றச் சமையல்களையும் எடுத்துவிடு. கடிதமும் போட வேண்டாம்.

விஜிதா


வெள்ளவத்தை,
2024 மார்ச் 29

அன்புள்ள விஜி,

கடிதம் போட வேண்டாம் என்றாய். இதை மட்டும் வாசி.

நான் உனக்கு ஒன்றை மறைத்தேன். அன்று பங்களாவிலிருந்து உங்கள் லயத்து வீட்டுக்கு ஓடிவந்து, "நாளைக்கு வரேக்க ஒரு பிடிக் கொழுந்து கொண்டு வரட்டாம், அம்மா சொன்னவ" என்று உன் அம்மாவிடம் சொன்னது நான். எனக்குப் பத்து வயது. அடுத்த நாள் அப்பா அறிக்கை எழுதும்போது மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். அம்மா திரைச்சீலைக்குப் பின்னால் நின்றார். எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்போது நான் சின்னப்பிள்ளை. போன மாதம் உனக்கு எழுதியபோது சின்னப்பிள்ளை இல்லை. அதுதான் எனக்கு வெட்கம்.

அச்சுக்குப் போகும் பக்கம் இதுதான்:

'கொழுந்துச் சம்பல். சொன்னவர்: ராக்காயி, மடுல்சீமை. கொழுந்து: மடியில் ஒரு பிடி. கொண்டுவரச் சொன்னவர் என் அம்மா. போய்ச் சொன்னவள் நான். தண்டனை ராக்காயிக்கு.'

அண்ணாவிடம் வாசித்துக் காட்டினேன். போனை வைத்துவிட்டார், இன்னும் எடுக்கவில்லை. எல்ல நகர ஹோட்டல்காரர்களும் புத்தகம் வேண்டாம் என்றுவிட்டார்கள். பக்கம் அப்படியே போகும். விட்டதை நீ சொல்லாவிட்டாலும் போகும், கசக்கிற சம்பலாகவே இருக்கட்டும்.

பாமா


மடுல்சீமை,
2024 ஏப்ரல் 10

அன்புள்ள பாமா,

வருடப் பிறப்பு வாழ்த்துகள். எனக்கு வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். அதைப் பிள்ளைக் காம்பராவின் சுவரில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒட்டியிருக்கிறேன்.

நீ ஓடிவந்து சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். நீ போட்டிருந்த மஞ்சள் சட்டைகூட நினைவிருக்கிறது. நாற்பத்தாறு வருடமாக, இதை நீயாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். கேட்டு வாங்குவது எனக்குப் பிடிக்காது.

விட்டது இதுதான். கொழுந்தைப் பொடியாக நறுக்கி, உப்புப் போட்டு, கை நோகப் பிசைந்து, பச்சைச் சாறு போகும்வரை பிழி. அதற்குப் பிறகுதான் துருவிய தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சை மிளகாயும் தேசிக்காய்ப் புளியும். கசக்காது.

புத்தகத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். 41ஆம் பக்கத்தில் உன் அம்மாவின் பெயருக்கு மேலே என் அம்மாவின் பெயரைப் பேனையால் எழுதியிருக்கிறேன். உன் அம்மாவின் பெயரை நான் கோடிட்டு அடிக்கவில்லை. அது உன் கையால் நடக்க வேண்டியது.

விஜி