சாமி அலமாரியில் மட்டை

மார்ச் 9, திங்கள்
இவருடைய வலது முட்டி மறுபடியும் வீங்கிவிட்டது. மாலையில் டேபிள் டென்னிஸ் ஆடிவிட்டு நொண்டிக்கொண்டே வந்தார். பிறவியிலேயே ரத்தம் உறையாத உடம்பு. வெளியே ஒரு கீறல் இல்லை, உள்ளே மூட்டுக்குள் கசிகிறது. தொட்டால் அடுப்பு. ரத்தம் உறைய வைக்கும் ஊசியைப் போட்டேன், ஐஸ் வைத்தேன். “ஒண்ணுமில்லடி, லேசாத் திரும்பினேன்” என்கிறார். ஒண்ணுமில்லையாம்! கால் மடங்காமல் போனால் யார் தூக்குவது, நானா, அந்த விளையாட்டா?

மார்ச் 10
மட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்தேன். இனி நீயே காவல். அவர் கேட்டால் தெரியாது என்பேன். பொய்தான், பொறுத்துக்கொள்.

மார்ச் 28
கேட்கவே இல்லை. வீக்கமும் இல்லை.

ஏப்ரல் 29
பஸ்ஸை விட்டு இறங்கினாராம், அவ்வளவுதான். முட்டி பந்தாகிவிட்டது. ஆடவே இல்லையே! ஏன் சாமி? நான் என்ன குறை வெச்சேன்?
நாத்தனார் போனில், “பொத்திப் பொத்தி வெச்சே அவனைப் படுக்க வெச்சுட்ட” என்றாள். வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு வைத்தேன். பிறகு அழுதேன். அவள் சொன்னது சரியாக இருந்தால்?

மே 4
மருத்துவமனை. பயிற்சி கொடுக்கும் பெண் இரண்டு தொடையையும் டேப்பால் அளந்தாள். வலது இளைத்திருக்கிறது. “சும்மாவே உக்காந்தா சதை கரைஞ்சிடும்க்கா. அப்புறம் மூட்டை எது தாங்கும்?” வீக்கம் முழுக்க வடிந்து, பயிற்சியும் முடிந்து, டாக்டர் சொன்ன பிறகு ஆடலாமாம். ஆடுகிற நாள் காலையில் ஊசி போட்டிருக்க வேண்டுமாம். “ஊசி என்னிக்கு, ஆட்டம் என்னிக்கு?”
வாரம் இரண்டு ஊசி, செவ்வாய், வெள்ளி. என் விரத நாள் என்று நான்தான் பிடித்த நாட்கள். ஆட்டமோ திங்கள். மருந்தெல்லாம் வடிந்த நாளில் அவரை அனுப்பியிருக்கிறேன். வீட்டுக் கணக்கில் ஒரு பைசா தப்பாதவள் நான்!

மே 5
ஊசி நாளில் நான் செய்த தப்பை இவரிடம் சொல்லிவிட்டேன். மட்டை இருக்கும் இடத்தையும். “அது அன்னிக்கே தெரியும். நீ சாமிகிட்ட குடுத்ததை நான் எப்படி எடுக்கிறது?” சிரிக்கிறார். ரெண்டு திட்டு திட்டியிருக்கலாம்.

ஜூலை 13, திங்கள்
டாக்டர் சரி என்றார். முட்டி முழுதாக நிமிரவில்லை, இனி நிமிராதாம். காலையில் ஊசி போட்டேன். மட்டையை நானே எடுத்துக் கொடுத்தேன். கூட ஆடுகிறவர் முகர்ந்து பார்த்து, “என்னப்பா, மட்டைக்குச் சாமி வந்திருக்கா? ஊதுவத்தி வாசனை தூக்குது!” என்றார். நான் பெஞ்சில் இருந்தேன். கண்மூடி வேண்டினால் அவர் கால் தெரியவில்லை. திறந்துகொண்டே வேண்டினேன்.
வீட்டுக்கு வந்ததும் முட்டியில் கை வைத்தேன். சூடில்லை. இன்னொரு கையையும் வைத்துப் பார்த்தேன்.