ரிஸ்னா என்ற வில்காரி

வெள்ளிக்கிழமை, இரவு

கலியாணம் முடித்து கல்முனைக்கு, மனைவி வீட்டுக்கு வந்த பிறகு இன்றுதான் ஒலுவிலில் உம்மா வீட்டில் ஆறுதலாக உட்கார்ந்தேன். ஆறுதலாக என்று எழுதுவதே பொய். உம்மா விருந்தாளிக் கோப்பையில் தேத்தண்ணி தந்தார்.

தங்கச்சி ரிஸ்னா பழைய கேம் பெட்டியை டீவியில் மாட்டியிருந்தாள். கட்டம் கட்டமாகப் படையை நகர்த்தும் அந்த ஜப்பான் விளையாட்டைச் சிறு வயதிலிருந்தே இருவரும் சேர்ந்துதான் ஆடுகிறோம். வீரர்களுக்கு எங்கள் வீட்டார் பெயர்கள். ஆட்டத்தைச் சேவ் பண்ணிவிட்டால் செத்தவர் செத்தவர்தான். அதனால் ஒருவர் விழுந்தாலும் பெட்டியை அணைத்துவிட்டு அந்தச் சண்டையைத் திரும்பத் தொடங்குவோம். இதுவரை ஒருவரையும் விட்டுவிட்டு வந்ததில்லை.

"காக்கா, நீங்க வரும்வரைக்கும் கடைசிச் சண்டைய தொடாம வெச்சிரிக்கன்," என்றாள்.

கல்முனையில் மனைவியின் உம்மா, மாமி வீட்டில் இராச்சாப்பாட்டுக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சீக்கிரம் முடியட்டும் என்று ரிஸ்னா என்ற வில்காரியைத் தனியாக முன்னுக்கு அனுப்பினேன். ஒரே வெட்டில் விழுந்துவிட்டாள். சண்டையில் நாங்கள்தான் வென்றோம்.

"திரும்பத் தொடங்குவமா காக்கா?"

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். அதை அவள் பார்த்துவிட்டாள்.

"பரவால்ல. அங்க தேடுவாங்க, நீங்க போங்க."

நான் போனதும் பெட்டியை அணைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். வாசலில் செருப்பைப் போடும்போது, சேவ் ஆகும் அந்தச் சின்ன மணிச்சத்தம் உள்ளே கேட்டது.