கண்ணுக்குக் கீழே இருந்த நீலம்

அன்பு வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், என் வலது கண்ணைத் தவிர. நீயும் சுகம் என்று போனில் சொன்னாய், அதை நான் இன்னும் நம்பவில்லை, கோபித்துக்கொள்ளாதே. டிக்கெட் பரிசோதகராகவே தலை நரைத்தவன் நான், மூஞ்சியைப் பார்த்தே டிக்கெட் இல்லாதவனைப் பிடித்துவிடுவேன். வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீடியோவில் வந்தாய், அம்மா அதட்டியதும் ஒரு நொடி கழற்றிக் காட்டிவிட்டு, முகத்துக்குப் பூசுகிற ஆசிட் சீரம் கண்ணில் பட்டுவிட்டது என்றாய். நீ சொல்லி முடிப்பதற்குள் மாப்பிள்ளை பின்னாலிருந்து, ஆமா மாமா, இவதான் அஜாக்கிரதை என்றார். அவரை யார் கேட்டது? உங்களுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்தான், சும்மா கிடங்க என்று அம்மா என்னை அடக்கிவிட்டாள்.

என்னால் சும்மா கிடக்க முடியுமா? அதே சீரத்தை உன் தங்கைக்கும் அனுப்பியிருந்தாயே, அதைத் திறந்து முகர்ந்து பார்க்க மூக்கருகே கொண்டுபோய்ச் சொட்டுக்குழாயின் ரப்பரை அமுக்கினேன். நேராகக் கண்ணுக்குள் பீச்சியடித்தது. ஐயோ, அந்த எரிச்சலிடம் மிளகாய்த்தூள் பிச்சை வாங்க வேண்டும்! கசக்கப் போன கையைத் தட்டிவிட்டு, தங்கை என் தலையைக் குழாயடியில் பிடித்து இமையை விரித்து, போதும்டி போதும்டி என்று நான் கத்தக் கத்த கால் மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் விட்டாள். நல்லா வேணும் இந்த மனுஷனுக்கு என்று அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். அப்படியே ஈரச் சட்டையோடு கண் டாக்டரம்மாவிடம் ஓடினோம். உடனே கழுவினதால தப்பிச்சீங்க, கசக்கியிருந்தா கருவிழி புண்ணாகியிருக்கும் என்று திட்டிவிட்டுச் சொட்டு மருந்து கொடுத்தார்.

ஆக, சீரம் பட்டால் கண் சிவக்கும், நீ சொன்னது பொய் இல்லை என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. பிறகு கண்ணாடியில் பார்த்தேன். எனக்குக் கண் உள்ளே சிவந்திருக்கிறது, இமை சற்று வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். உனக்குக் கண்ணுக்குக் கீழே கன்னம்வரை நீலம் இருந்ததே வாயாடி. மறுபடி போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன். சீரத்தால் அப்படி வராது, அடிபட்டு ரத்தம் கட்டினால்தான் வரும் என்றார். அம்மாவும் பக்கத்தில் நின்று கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துவிட்டாள்.

நிஜமாகவே சீரம்தான் பட்டது என்றால், இன்னும் டாக்டரைப் பார்க்காமல் இருக்காதே, கண்ணைக் கசக்காதே. இல்லை என்றால் நீ விளக்கமெல்லாம் சொல்ல வேண்டாம். அடுத்த முறை பேசும்போது, அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போட்டுட்டேன்ப்பா என்று மட்டும் சொல். மாப்பிள்ளை பக்கத்தில் நின்றாலும் சொல்லலாம். நாங்கள் புறப்பட்டு வந்துவிடுவோம்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் என் தங்கமே. இதை உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன், வீட்டுக்குக் கொண்டுபோகாதே.

போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
உன் அப்பா